இரண்டு சுற்று ஓடிய கினுயே

வெளியூர் உறவினர் நம் விருத்தாசலத்தைப் பற்றிக் கேட்டால் நாம் முதலில் பழமலைநாதர் கோயிலைச் சொல்வோம். அடுத்துப் பீங்கானைச் சொல்வோம். இங்கே செய்யும் பொம்மைகளும் மின்சார பியூஸ் கேரியர்களும் எந்தெந்த ஊருக்கோ போய்ச் சேருகின்றன. ஜப்பான் நாட்டிலும் இப்படி மண்ணால் பெயர் பெற்ற ஒரு மாவட்டம் உண்டு. அதன் பெயர் ஒகயாமா. பிசன் என்னும் மண்கலங்களை அங்கே மெருகு பூசாமல் விறகுச் சூளையில் பல நாட்கள் வைத்துச் சுட்டெடுப்பார்கள். அந்த ஒகயாமாவில் ஓர் உழவர் குடும்பத்தில் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று பிறந்தவர்தான் கினுயே ஹிதோமி. ஆசியப் பெண்களுள் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி இவரே. 24 வயதில் மறைந்துபோன இவருடைய வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

கினுயே சிறுமியாக இருந்த காலத்தில் ஜப்பானில் பெண்கள் ஓடுவதும் தாண்டுவதும் வழக்கத்தில் இல்லை. பெண் என்றால் மெல்ல நடக்க வேண்டும், மெல்லப் பேச வேண்டும். இவரோ வளர்த்தியான பெண். வளர்ந்தபின் ஏறக்குறைய 170 செ.மீ. உயரம் இருந்தார், அக்கால ஜப்பானியப் பெண்களுக்கு நடுவே நின்றால் தலை தனியாகத் தெரியும். ஊருக்கு வெளியே இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் வயல்வெளியில் நெடுந்தூரம் நடந்தே போய் வந்தார். கால்களுக்கு அதுவே முதல் பயிற்சி ஆயிற்று. பள்ளியில் அவர் விரும்பி ஆடியது டென்னிஸ். 1923-இல் மாவட்ட அளவில் நடந்த போட்டியில் நீளத் தாண்டுதலில் கலந்துகொண்டு 4.67 மீட்டர் தாண்டினார். ஜப்பானில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை.

அதன்பின் டோக்கியோ நகருக்குச் சென்று, தொகுயோ நிகைதோ என்னும் அம்மையார் நடத்திய உடற்பயிற்சிக் கல்விக் கூடத்தில் 1924-இல் சேர்ந்தார். நிகைதோ அம்மையார் பெண்களுக்கென்றே அப்பள்ளியைத் தொடங்கியவர். அந்தச் சின்னப் பள்ளி பின்னாளில் பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. ஆசிரியை ஒருவரின் கண்ணில் பட்டால் ஒரு மாணவியின் வாழ்வு எப்படித் திரும்பிவிடுகிறது பாருங்கள்! படிப்பு முடிந்ததும் கினுயே சிறிது காலம் கியோட்டோவில் ஆசிரியையாக இருந்தார். 1926-இல் ஒசாகா நகரின் மைநிச்சி நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். பகலில் செய்தி எழுதுவார். மற்ற நேரத்தில் மைதானத்தில் இருப்பார்.

அக்காலத்து ஒலிம்பிக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய தடகளப் போட்டிகளில் பெண்களுக்கு அப்போது இடமே கிடையாது. ஒலிம்பிக்கை மீண்டும் தொடங்கிவைத்த கூபர்த்தான் பிரபுவுக்கே பெண்கள் போட்டியிடுவதில் சம்மதம் இல்லை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த அலிஸ் மிலியா என்னும் அம்மையார் கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1921-இல் பெண்களுக்கென்றே ஓர் உலக விளையாட்டுச் சங்கம் அமைத்து, 1922-இல் பாரிஸில் தனிப் போட்டியையும் நடத்திக் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். அதற்கு அடுத்த போட்டி 1926-இல் சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் நடந்தது. ஜப்பானிலிருந்து அதற்குச் சென்ற ஒரே வீராங்கனை 19 வயது கினுயே.

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போவதற்கே நாம் கட்டுச்சாதமும் துணைக்கு ஒரு மாமாவும் தேடுகிறோம். கினுயே சைபீரியப் பனிநிலத்தைக் கடக்கும் ரயிலில் நாள்கணக்கில் பயணம் செய்து ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் செய்ததை என்னென்பது! நீளத் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி உலகச் சாதனையுடன் முதலிடம். நின்ற இடத்திலிருந்து தாண்டுவதிலும் முதலிடம். வட்டு எறிதலில் இரண்டாமிடம், 100 கெஜ ஓட்டத்தில் மூன்றாமிடம். எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தபோது தனிநபர் வரிசையில் அவரே முதலாவதாக நின்றார். அதுவரை கினுயே ஹிதோமி யார் என்று ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியாது.

தாய்நாட்டில் அவர் பெயர் பரவியது. செய்தித்தாள்களில் படம் வந்தது; பள்ளிச் சிறுமிகள் கடிதம் எழுதினார்கள். புகழோடு ஏச்சும் வந்தது. அரைக்கால் சட்டை அணிந்து பலர் முன்னிலையில் தொடை தெரிய ஓடுவது பெண்ணுக்கு அடுக்குமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இவ்வளவு உயரமும் பலமும் உள்ளவர் பெண்தானா என்று ஐயம் கிளப்பியவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் நன்றாக ஓடினால் அவள் பெண்தானா என்று கேட்பது, நன்றாகப் படித்தால் பார்த்து எழுதினாளா என்று கேட்பதைப் போன்றதே. கினுயே அதற்கெல்லாம் வாய்ச்சண்டை போடவில்லை. கட்டுரைகளும் புத்தகங்களும் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசினார். தொடர்ந்து பயிற்சி செய்தார். 1928 மே மாதம் ஒசாகாவில் 100 மீட்டரை 12.2 விநாடியில் ஓடினார். நீளத் தாண்டுதலில் 5.98 மீட்டர் தாண்டினார். இரண்டும் உலகச் சாதனைகள். 5.98 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 அடி. நம் வகுப்பறையில் ஒரு சுவரோரம் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்தால் எவ்வளவு தூரம் என்பது புரியும். அந்தச் சாதனை 1939 வரை உலகில் முறியடிக்கப்படவில்லை.

அதே 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. நம் நாட்டு ஹாக்கி அணி முதல் தங்கம் வென்றதும் இந்த ஒலிம்பிக்கில்தான். அலிஸ் மிலியா அம்மையாரின் விடாமுயற்சியால் பெண்களுக்கும் முதன்முறையாகத் தடகளத்தில் கதவு திறந்தது. ஆனால் பாதிக் கதவுதான். ஆண்களுக்கு 22 போட்டிகள் இருக்க, பெண்களுக்கு ஐந்தே ஐந்து: 100 மீட்டர், 800 மீட்டர், தொடர் ஓட்டம், உயரத் தாண்டுதல், வட்டு எறிதல். இவ்வளவு குறைவா என்று மனம் கசந்து இங்கிலாந்துப் பெண்கள் வரவே மறுத்துவிட்டார்கள். பட்டியலை மறுபடி படியுங்கள். கினுயே உலகிலேயே சிறந்து விளங்கிய நீளத் தாண்டுதல் அதில் இல்லை.

ஆகவே அவருடைய நம்பிக்கை முழுவதும் 100 மீட்டரின் மேல் இருந்தது. நாடும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஜூலை 30 அன்று அரையிறுதியில் அவர் நான்காவதாக வந்து வெளியேறினார். மறுநாள் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் பெட்டி ராபின்சன் என்னும் 16 வயதுப் பள்ளி மாணவி. ஏறக்குறைய நம் வயதுதான்! கினுயே இரவெல்லாம் அழுதாராம். இத்தனை பேர் அனுப்பிவைத்திருக்க, வெறுங்கையோடு எந்த முகத்துடன் ஊர் திரும்புவது என்பதே அவர் கவலை. காலையில் எழுந்ததும் தம் குழுவினரிடம் 800 மீட்டரில் ஓட அனுமதி கேட்டார்.

கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். 100 மீட்டர் ஓடுபவரின் உடல் வேறு விதமாகப் பழகியது. அவர் மூச்சைச் சேமிக்க வேண்டியதில்லை. துப்பாக்கி வெடித்தது முதல் கோடு வரை முழு வேகந்தான். 800 மீட்டர் என்றால் மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் வேகமாகப் போனால் இரண்டாம் சுற்றில் கால் கல்லாகிவிடும். மெதுவாகப் போனால் முன்னால் போனவரைப் பிடிக்க முடியாது. எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே அவிழ்த்துவிடுவது என்பது ஓடி ஓடிப் பழகியவருக்கே தெரியும். கினுயேவுக்கோ அந்தத் தூரத்தில் போட்டி அனுபவமே இல்லை. ஆகஸ்ட் 1 அன்று தகுதிச் சுற்றில் ஓடித் தேறினார். மறுநாளே இறுதிப் பந்தயம்.

1928 ஆகஸ்ட் 2. கோட்டில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே இத்தூரத்தில் உலகச் சாதனை படைத்தவர். கணவரே அவருக்குப் பயிற்சியாளர். சுவீடனின் இங்கா கென்ட்செல்லும் பேர்போனவர். முதல் சுற்று முடியும்போது கினுயே முன்வரிசையில் இல்லை. இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். கடைசி வளைவு தாண்டியபோது அவருக்கு முன்னால் ராட்கே ஒருவரே. ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் கோட்டைத் தொட்டார். கினுயே 2 நிமிடம் 17.6 விநாடி. இருவருக்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை! மூன்றாவதாக கென்ட்செல் வந்தார். கோட்டைத் தாண்டியதும் கினுயே கால் ஓய்ந்து தரையில் சாய்ந்தார். முதல் மூவர் எடுத்த நேரமும் அதுவரை இருந்த உலகச் சாதனையைவிடக் குறைவு. ஜெர்மனிக்குத் தடகளத்தில் அது முதல் தங்கம். அன்றைய தினமே மிகியோ ஓதா என்பவர் மும்முறைத் தாண்டுதலில் ஜப்பானுக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்தார். ஆக ஒகயாமாப் பெண்ணின் வெள்ளியும் ஓதாவின் தங்கமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

இனி வருவதுதான் என்னால் பொறுக்க முடியாத பகுதி. ஓடி முடித்தவர்கள் களைத்துத் தரையில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, பெண்கள் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. பதினொரு பெண்கள் ஓடினார்கள், அவர்களில் ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் என்று எழுதிய நிருபரும் உண்டு. ஓடியவர்களோ ஒன்பது பேர். ஒன்பது பேரும் முடித்தார்கள். நிருபருக்கு எண்ணிக்கைகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பந்தயத்தின் திரைப்படச் சுருள் இருக்கிறது. அதைப் பின்னாளில் பார்த்தவர்கள், செய்தித்தாள் சொன்ன கோரக் காட்சி எதுவும் அதில் இல்லை என்கிறார்கள். ஆயினும் அன்று பொய்யே வென்றது. இவ்வளவு தூரம் பெண்ணின் உடலுக்குத் தாங்காது என்று கூறி 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1908-இல் லண்டன் மாரத்தானில் இத்தாலியின் தொராண்டோ பியெத்ரி மைதானத்துக்குள் வந்தபின் பலமுறை விழுந்து எழுந்தார்; அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கோட்டைக் கடக்க வைத்ததால் தங்கத்தை இழந்தார். உலகமே அவரைக் கொண்டாடியது. அரசி அலெக்சாந்திரா அவருக்குக் கோப்பையே பரிசளித்தார். ஆண்களின் மாரத்தானை யாரும் நிறுத்தவில்லை. நம் ஊரில் பீங்கான் தட்டுகளை அடுக்கிய பலகையைத் தலையில் வைத்து நாள் முழுதும் சூளைக்கும் கொட்டகைக்கும் நடக்கும் அக்காமார்களைப் பார்த்திருக்கிறோம். சேற்றில் குனிந்து பகல் முழுதும் நாற்று நடும் அம்மாக்களையும் பார்த்திருக்கிறோம். அதெல்லாம் உடம்புக்குத் தாங்குமா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டே கால் நிமிடம் ஓடினால் மட்டும் தாங்காது!

கினுயே நாடு திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். பெண்களுக்கான அடுத்த உலகப் போட்டி 1930 செப்டம்பரில் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் நடக்கவிருந்தது. இம்முறை தனியாகப் போகக்கூடாது, இளம் பெண்களையும் அழைத்துப் போக வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். பணத்துக்கு எங்கே போவது? பள்ளி மாணவிகளிடம் கேட்டார். நாடெங்கும் இருந்த பெண்கள் பள்ளிகளிலிருந்து சில்லறைக் காசுகளாக நன்கொடை வந்து சேர்ந்தது. கினுயேவையும் சேர்த்து ஆறு வீராங்கனைகள் புறப்பட்டார்கள். பெரிய முதலாளிகளின் பணத்தை நம்பாமல், பலகாரம் வாங்க வைத்திருந்த காசைச் சிறுமிகள் கொடுத்து அனுப்பிய குழு அது என்று எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பிராகில் கினுயே நீளத் தாண்டுதலில் 5.90 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மூன்று போட்டிகள் சேர்ந்த மும்முனைப் போட்டியில் வெள்ளி. 60 மீட்டர் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் வெண்கலம். அதோடு ஓய்வில்லை. பிராகிலிருந்து ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கும் சென்று அடுத்தடுத்துப் போட்டியிட வேண்டியிருந்தது. உடல் நலிந்த நிலையிலும் குழுத் தலைவி என்ற முறையில் அவர் ஒவ்வொன்றிலும் இறங்கினார். பின் நெடிய கப்பல் பயணம்.

வீடு திரும்புமுன்பே கசப்பான செய்தி அவரை எட்டியது. இவ்வளவு செலவு செய்து அனுப்பியும் பதக்கங்கள் போதவில்லை என்று தாய்நாட்டில் சிலர் குறைகூறினார்கள். ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் போதவில்லையாம்! அவரைத் தோளில் தூக்கியவர்களே தராசையும் தூக்கினார்கள். தம்மைப் பற்றிச் சொன்னதைவிட, உடன் வந்த இளம் பெண்களைப் பற்றிச் சொன்னது அவரை அதிகம் வாட்டியது.

அவர் படுத்துவிடவில்லை. காசு கொடுத்த மாணவிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பள்ளி பள்ளியாகச் சென்று பேசினார். நாளிதழ் வேலையும் இருந்தது. எழுத்து வேலையும் இருந்தது. ஓய்வு மட்டும் இல்லை. 1931-இன் வசந்த காலத்தில் இருமலில் இரத்தம் வந்தது. ஒசாகா மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் நோயோடு போராடினார். நிமோனியா அவரை விடவில்லை. 1931 ஆகஸ்ட் 2 அன்று அவர் உயிர் பிரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் அந்த இரண்டு சுற்றுகளை ஓடி அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள்.

எங்கள் பாட்டியிடம் இக்கதையைச் சொன்னேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. ஆகவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்தாளா என்று கேட்டார்.

பிராக் மக்கள் அவரை மறக்கவில்லை. தம் ஊரில் தாண்டி வென்ற பெண்ணுக்காக ஒல்ஷானி கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் எழுப்பினார்கள். ஒலிம்பிக்கிலோ 1932 முதல் 1956 வரை பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட தனி ஓட்டம் எதுவுமே வைக்கப்படவில்லை. நம் நாட்டிலிருந்து முதன்முதலாக 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தடகளத்துக்குச் சென்ற நீலிமா கோஷும் மேரி டிசூசாவும் 800 மீட்டர் ஓட விரும்பியிருந்தாலும் ஓடியிருக்க முடியாது. 32 ஆண்டுகள் கழித்து, 1960-இல் ரோம் நகரில்தான் அப்பந்தயம் திரும்ப வந்தது. ரஷ்யாவின் லுத்மிலா ஷெவ்ஸோவா 2 நிமிடம் 4.3 விநாடியில் வென்றார். கினுயே இருந்திருந்தால் அப்போது அவருக்கு 53 வயது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நம் கேரளத்துப் பெண் ஷைனி ஆபிரகாம் இதே 800 மீட்டரில் அரையிறுதி வரை ஓடினார். ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் இந்தியப் பெண் அவர். அவர் ஓடிய அந்தப் பாதை முப்பத்திரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த பாதை.

கினுயேவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகளத்தில் ஒரு ஜப்பானியப் பெண் பதக்கம் பெறுவதற்கு 64 ஆண்டுகள் ஆயின. 1992-இல் பார்சிலோனாவில் யூகோ அரிமோரி மாரத்தானில் ஓடி வெள்ளி வென்றார். அவரும் ஒகயாமாவில் பிறந்தவர். அவர் கோட்டைத் தொட்டபோது பார்சிலோனாவில் ஆகஸ்ட் 1 இரவு. ஒகயாமாவில் நள்ளிரவு கடந்து, விடியலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அங்கே அப்போது ஆகஸ்ட் 2.